மொட்டை மாடித் தூசியும் மகனின் மூச்சிரைப்பும்: வட சென்னை வாசகிக்கு ஒரு பதில்

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட பகுதியில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

மாமனார் கட்டிய வீட்டில் கணவர், மாமனார், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன் ஆகியோருடன் அவர் வாழ்கிறார். மொட்டை மாடியைக் காலையில் கழுவிவிட்டாலும் மறுநாள் காலையில் கருந்தூசி படிந்துவிடுகிறது. வெள்ளைத் துணியை வெளியில் உலர்த்த முடிவதில்லை. சென்ற குளிர்காலத்தில் மகனுக்கு மூச்சிரைப்பு முற்றி இரண்டு முறை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அவர் மாடித் தூசியைச் சுரண்டி எடுத்து ஒரு தனியார் ஆய்வகத்துக்குக் கொடுத்திருக்கிறார். அறிக்கையில் சிலிக்கன், அலுமினியம், இரும்பு, கால்சியம், துத்தநாகம் இருப்பதாகவும் ஆர்சனிக் கண்டறியப்படவில்லை என்றும் வந்திருக்கிறது. காந்தத்தைக் காட்டினால் தூசியில் ஒரு பகுதி ஒட்டிக்கொள்கிறது. ஆகவே இது அனல்மின் நிலையச் சாம்பல்தான் என்று தெருவில் எல்லோரும் உறுதியாகச் சொல்கிறார்கள். இணையத்தில் வாங்கிய சிறிய துகள் அளவுக்கருவி விடியற்காலையில் 140 காட்டுகிறது. கைப்பேசிச் செயலியோ 70 என்றும் ‘திருப்திகரம்’ என்றும் சொல்கிறது. கணவர் வீட்டை விற்றுவிட்டு ஆவடிப் பக்கம் போய்விடலாம் என்கிறார். மாமனாருக்கு அதில் உடன்பாடில்லை. இந்தத் தூசி யாருடையது என்று நிரூபிக்க முடியுமா, ஆர்சனிக் இல்லையென்றால் ஆபத்தில்லை என்று கொள்ளலாமா, எந்த எண்ணை நம்புவது, வீட்டை மாற்றுவதா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். மாலை ஆறு மணிக்கே சன்னல்களைச் சாத்திவிடுவதாகவும், சாம்பிராணி போடுவதாகவும், இரவு முழுவதும் கொசுவர்த்திச் சுருள் எரிவதாகவும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரியையும் நான் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

காற்றில் மிதக்கும் துகள்களின் வேதியியலைப் பற்றிப் பேசுவதே என் தொழில். மகனின் சிகிச்சையை அவனுடைய மருத்துவரும், வழக்கு தொடர்பான முடிவுகளை ஒரு வழக்கறிஞரும்தான் வழிநடத்த வேண்டும். அந்த இரண்டு இடங்களுக்கும் நீங்கள் போகும்போது கையில் சரியான தகவலும் சரியான கேள்விகளும் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் முழுவதும் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது: மாடியில் படிவதுதான் மகனின் நுரையீரலுக்குள்ளும் போகிறது என்ற நம்பிக்கை. இயல்பான எண்ணம்தான், ஆனால் அது பெருமளவு சரியல்ல. ஓர் இரவுக்குள் கண்ணுக்குத் தெரியும் அளவில் தரையில் படியும் தூசியின் எடையில் பெரும்பங்கு 10 மைக்ரோமீட்டரைவிடப் பெரிய துகள்களால் ஆனது. கனமாக இருப்பதால்தான் அவை விழுகின்றன; கனமாக இருப்பதால்தான் மூக்கும் தொண்டையும் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடுகின்றன. நுரையீரலின் ஆழத்துக்குப் போவது 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த நுண்துகள், அதாவது பிஎம் 2.5. அது உங்கள் மாடியில் எளிதில் விழாது. நாள்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கான அந்த அளவைக் கண்ணால் காணவும் முடியாது. இரண்டின் பிறப்பிடமும் வேதியியல் கூட்டமைப்பும் வேறு. மாடித் தூசி, அருகில் எங்கோ ஒரு நிலக்கரிக் குவியலோ சாம்பல் குட்டையோ லாரிச் சாலையோ மூடாமல் கிடக்கிறது என்பதற்கான நல்ல சாட்சி. மகனின் மூச்சுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு அது போதுமான சாட்சி அல்ல.

ஒவ்வொரு மூலத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஆனால் அது பெயர்ப்பலகை அல்ல

எரிபொருளும் எரியும் விதமும் மாறும்போது வெளியேறும் துகளின் வேதியியலும் மாறுகிறது. உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள மூலங்களையே எடுத்துக்கொள்வோம்.

நிலக்கரியை எரிக்கும் கொதிகலனிலிருந்து வரும் சாம்பலில் சிலிக்கனும் அலுமினியமுமே பெரும்பகுதி. இரும்பும் கால்சியமும் அடுத்து வரும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சாம்பலாகவே எஞ்சும் என்பதால் இந்தச் சாம்பலின் அளவு மிகப் பெரியது. புகைபோக்கிக்கு முன்னால் உள்ள மின்புலத் துகள்பிடிப்பான்கள் எடைக்கணக்கில் 99 விழுக்காட்டுக்கும் மேல் பிடித்துவிடுகின்றன. தப்பிப்போகும் மிச்சத்தில்தான் சிக்கல் இருக்கிறது. ஆர்சனிக், செலினியம் போன்ற தனிமங்கள் கொதிகலனின் வெப்பத்தில் ஆவியாகி, புகை குளிரும்போது மிக நுண்ணிய சாம்பல் துகள்களின் மேற்பரப்பில் படிகின்றன. ஆகவே பிடிபடாமல் போகும் நுண்துகளில் அவற்றின் செறிவு, பிடிபட்ட சாம்பலில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும்.

இப்போது உங்கள் ஆய்வக அறிக்கையைப் பாருங்கள். சிலிக்கன், அலுமினியம், இரும்பு, கால்சியம் ஆகிய நான்கும் சாம்பலில் உண்டு. சாலைப் புழுதியிலும் உண்டு. சிமெண்டிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் கால்சியம் ஏராளம். மொட்டை மாடியைச் சுரண்டி எடுத்தால் மாடியின் சிமெண்டும் சேர்ந்துதான் வரும். காந்தச் சோதனையும் இப்படித்தான். நிலக்கரிச் சாம்பலில் காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு உண்மையிலேயே உண்டு. லாரிகளின் பிரேக்கு தேயும்போதும், துருப்பிடித்த இரும்புத் தகடுகளிலிருந்தும், வெல்டிங் பட்டறைகளிலிருந்தும் வரும் தூளும் காந்தத்தில் ஒட்டும். உங்கள் தெருவினர் சொல்வது தவறென்று நான் சொல்லவில்லை. அதை நிறுவ இந்த இரண்டு சோதனைகளும் போதா என்கிறேன்.

இந்த இடத்தில் தனிமப் பட்டியலைவிட நுண்ணோக்கி அதிகம் சொல்லும். கொதிகலனில் உருகிக் குளிர்ந்த சாம்பல் பளபளப்பான கண்ணாடி உருண்டைகளாகத் தெரியும். எரியாத நிலக்கரித் தூள் கூரான முனைகளுடன் உடைந்த சில்லுகளாகத் தெரியும். டீசல் புகைக்கரியோ மிகச் சிறிய மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கொத்துகளாக இருக்கும். சாம்பல் என்றால் கேட்க வேண்டிய இடம் மின்நிலையமும் அதன் சாம்பல் குட்டையும். நிலக்கரித் தூள் என்றால் துறைமுகக் குவியலும் அதை எடுத்துச் செல்லும் நகரும் பட்டையும் (கன்வேயர்) வண்டிகளும். பொறுப்பு ஏற்க வேண்டியவர் மாறுகிறார், தீர்வும் மாறுகிறது. மின்னணு நுண்ணோக்கி வசதி சென்னையிலுள்ள உயர்கல்வி நிறுவனங்களில் இருக்கிறது. கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். மாடித் தரையைச் சுரண்டாமல், கழுவித் துடைத்த கண்ணாடித் தகட்டையோ எவர்சில்வர் தட்டையோ உயரமான இடத்தில் திறந்துவைத்து, அதில் படிவதை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

கனரக எண்ணெயை எரித்தால் வனேடியமும் நிக்கலும் வரும். சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயின் கனமான பகுதியை உடைக்கப் பயன்படும் வினையூக்கித் தூளிலிருந்து லாந்தனம் வரும். கப்பல்களைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் நீண்ட காலம் வனேடியத்தையே நம்பியிருந்தார்கள். 2020 சனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட பிறகு எரிபொருளே மாறிவிட்டது. அந்த அடையாளமும் பல துறைமுகங்களில் மங்கிவிட்டது. ஈயத்தின் கதையும் இதைப் போன்றதே. ஒரு காலத்தில் காற்றில் ஈயம் இருந்தால் அது பெட்ரோல் வண்டி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. இன்று ஈயம் தென்பட்டால் பழைய பேட்டரிகளை உருக்கும் இடத்தையோ எரியும் குப்பையையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பழைய நூல்களில் உள்ள அட்டவணையை அப்படியே எடுத்து உங்கள் தெருவில் பொருத்தும் ஆலோசகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகையில் மிகுந்திருப்பது புகைக்கரி. அதோடு கரிமச் சேர்மங்களும், இயந்திர எண்ணெயிலிருந்து வரும் துத்தநாகமும் சேரும். டயர் தேய்ந்தாலும் துத்தநாகம் வரும். பிரேக்கு தேய்ந்தால் செம்பு, ஆன்டிமனி, பேரியம் வரும். விறகோ சருகோ எரிந்தால் பொட்டாசியமும், மரத்தின் செல்லுலோசு சிதைவதால் உண்டாகும் லெவோகுளுக்கோசான் என்ற சர்க்கரைச் சேர்மமும் வரும்; நிலக்கரியோ டீசலோ எரிந்தால் அந்தச் சேர்மம் குறிப்பிடும்படி வராது என்பதால் அது மிக நம்பகமான தடயம். நெகிழி கலந்த குப்பை எரிந்தால் குளோரின், ஆன்டிமனி, ஈயம் ஆகியவை கூடும். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு உங்களுக்குத் தென்மேற்கே இருப்பதை மறக்க வேண்டாம். போகிப் பண்டிகைப் புகையும் தீபாவளிப் பட்டாசின் பேரியம், இசுட்ரான்சியம், பொட்டாசியமும் சில நாள்களுக்கு எல்லாவற்றையும் குழப்பிவிடும்; எந்த மாதிரியையும் அந்த நாள்களில் எடுக்காதீர்கள்.

புகைபோக்கியில் இல்லாத துகள்

நுண்துகளில் ஒரு கணிசமான பகுதி எந்தப் புகைபோக்கியிலிருந்தும் துகளாக வெளியே வருவதே இல்லை. அது காற்றிலேயே பிறக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வரும் கந்தக டை ஆக்சைடு ஒரு வாயு. அது சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் கந்தக அமிலமாக மாறி, சாக்கடை, கால்நடை, வயல்வெளி, உர உற்பத்தி ஆகியவற்றிலிருந்து வரும் அம்மோனியாவுடன் சேர்ந்து அம்மோனியம் சல்பேட் என்ற உப்பாகிறது. கணக்கைப் பாருங்கள்: ஒரு கிலோ கந்தக டை ஆக்சைடு முழுமையாக மாறினால் ஏறத்தாழ இரண்டு கிலோ நுண்துகள் உருவாகும். இது வெண்ணிறமானது, துணியில் கறை படியாது, மாடியில் தெரியாது, காந்தத்தில் ஒட்டாது. உங்கள் ஆய்வகம் உலோகங்களை மட்டும் தேடியதால் அறிக்கையிலும் வரவில்லை.

வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் இப்படியே நைட்ரேட்டாகின்றன. வட இந்தியக் குளிர்காலத்தில் அம்மோனியம் நைட்ரேட் பெருமளவு உண்டாகிறது. சென்னையின் வெப்பத்தில் அது நிலைக்காமல் மறுபடி வாயுவாகிவிடும். அதற்குப் பதிலாக நைட்ரிக் அமிலம் கடல் உப்பின்மேல் படிந்து சோடியம் நைட்ரேட்டாகிறது, உப்பிலிருந்த குளோரின் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறுகிறது. இதனால் கடலோரத்தில் எடுத்த மாதிரியில் சோடியத்துக்கும் குளோரினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் கடற்காற்று எவ்வளவு மாசைச் சந்தித்து வந்திருக்கிறது என்பதைக் கணிக்க முடியும். வேறொரு பக்கம், குப்பையும் தொழிற்சாலைகளும் வெளியிடும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அம்மோனியாவுடன் சேர்ந்து ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும் துகள்களை உண்டாக்கிக் காலை மூட்டத்தைக் கூட்டுவதை, சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் முன்னின்று 2021இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இதிலிருந்து உங்களுக்குத் தேவையான முடிவு ஒன்று உண்டு. சல்பேட்டை எடுத்துக்காட்டி ‘இது இந்த ஆலையின் சல்பேட்’ என்று சொல்ல முடியாது. உங்கள் வீட்டுக்காற்றில் உள்ள சல்பேட்டில் ஒரு பங்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்திருக்கலாம். எண்ணூரில் வெளியாகும் கந்தக டை ஆக்சைடு துகளாகும்போது வேறொரு மாவட்டத்தில் இருக்கலாம். ஆகவே இதைப் புகைபோக்கியிலேயே கட்டுப்படுத்த வேண்டும். அனல்மின் நிலையங்களுக்கான கந்தக டை ஆக்சைடு வரம்பை மத்திய அரசு 2015 டிசம்பரில் அறிவித்தது. பல முறை காலக்கெடு தள்ளிப்போடப்பட்டது. 2025 சூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளிக்கப்பட்டது. தேசியத் தலைநகர் மண்டலத்திலிருந்தோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களிலிருந்தோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் 2027 இறுதிவரை கெடு உண்டு. கடுமையாக மாசடைந்த பகுதிகளில் உள்ளவை குறித்துத் தனித்தனியே முடிவெடுக்கப்படும். காற்றில் பிறக்கும் துகளைக் கணக்கில் கொண்டால் இந்த விலக்கு தவறு என்பதே என் உறுதியான கருத்து. உங்கள் பகுதி நிலையங்கள் எந்தப் பிரிவில் வைக்கப்பட்டுள்ளன என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

‘ஆர்சனிக் இல்லை’ என்பதன் பொருள்

கண்டறியப்படவில்லை என்றால் அந்தக் கருவியின் கண்டறியும் எல்லைக்குக் கீழே இருக்கிறது என்றுதான் பொருள். காற்றில் ஆர்சனிக்குக்கான நம் நாட்டு ஆண்டுச் சராசரி வரம்பு ஒரு கனமீட்டருக்கு 6 நானோகிராம். நிக்கலுக்கு 20 நானோகிராம். இவை காற்றின் கனஅளவைக் கொண்டு வைக்கப்பட்ட வரம்புகள்; சுரண்டிய தூசியில் பார்த்த அளவை இவற்றோடு ஒப்பிட வழியே இல்லை.

அதைவிட முக்கியமானது, ஒரு நச்சு உலோகம் இல்லையென்பதால் துகள் தீங்கற்றதாகிவிடாது. டீசல் புகையை 2012இலும், வெளிப்புறக் காற்று மாசையும் அதிலுள்ள துகள்களையும் 2013இலும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. எந்த வேதிப்பொருள் அதிகத் தீங்கு செய்கிறது என்ற ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. புகைக்கரி பற்றிய கவலை வலுவாக இருக்கிறது. ஆனால் இன்றுவரை மிக உறுதியான மருத்துவச் சான்று நுண்துகளின் மொத்த அளவுக்கே உண்டு. மகனைப் பாதுகாக்க வேதியியல் அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கருவியும் செயலியும்

உங்கள் இரண்டு எண்களும் ஒரே அளவீடு அல்ல. செயலியின் 70 என்பது காற்றுத் தரக் குறியீடு. அதற்கு அலகு கிடையாது. பிஎம் 2.5 காரணமாக 70 வந்திருந்தால் அது 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 42 மைக்ரோகிராம். உங்கள் கருவியின் 140 அந்த நொடியின் மைக்ரோகிராம் கணக்கு. வீட்டுக் கருவி துகளின்மேல் ஒளி சிதறுவதை அளக்கிறது. விடியற்காலையில் ஈரப்பதம் மிகும்போது சல்பேட்டும் கடல் உப்பும் நீரை உறிஞ்சிப் பருக்கும், கருவி அதையும் துகளாகவே எண்ணிவிடும். அரசு நிலையங்களின் கருவிகள் காற்றைச் சற்றுச் சூடாக்கி ஈரத்தைப் போக்கிய பிறகே அளக்கின்றன. ஆகவே 140 கூடுதலான எண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் குளிர்கால விடியலில் காற்று அசையாமல் தரையோடு தங்கி மாசு உண்மையிலேயே உயர்வதும் உண்டு. கருவியின் எண்ணை அப்படியே நம்பாமல், அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் நம்புங்கள்.

‘திருப்திகரம்’ என்ற சொல்லிலும் நிம்மதி கொள்ள வேண்டாம். அந்தப் பிரிவில் பிஎம் 2.5 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்த 24 மணி நேர வரம்பு 15. எளிதில் பாதிக்கப்படுவோருக்கு மூச்சில் சிறு சிரமம் நேரலாம் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. உங்கள் மகன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

சன்னலுக்கு உள்ளே

இதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொசுவர்த்திச் சுருளின் அடிப்பொருள் மரத்தூளும் தேங்காய் ஓட்டுத்தூளும்தான். அது எரியாமல் புகைந்துகொண்டே இருப்பதால் கரிம நுண்துகள், ஃபார்மால்டிஹைடு ஆகியவை ஏராளமாக வருகின்றன. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சன்னலைச் சாத்திய படுக்கையறையில் இரவு முழுவதும் அதை மகன் சுவாசிக்கிறான். ஒரு சோதனை செய்யுங்கள்: உங்கள் கருவியைக் கட்டிலுக்கு அருகில் வைத்து, சுருள் உள்ள இரவிலும் இல்லாத இரவிலும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்த்த பிறகு கொசுவலைக்கும் சன்னல் வலைக்கும் மாறுவதில் வீட்டில் யாருக்கும் மனத்தடை இருக்காது என்று நம்புகிறேன். சாம்பிராணியை நிறுத்த மனமில்லையென்றால் கதவு, சன்னல்களைத் திறந்துவைத்து, மகன் வெளியில் இருக்கும் பகல் நேரத்தில் போடுங்கள்.

எச்இபிஏ (HEPA) எனப்படும் நுண்துகள் வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் நுண்துகளைக் குறைக்கும். கந்தக டை ஆக்சைடு, அம்மோனியா போன்ற வாயுக்களைத் தடுக்காது. அறையின் அளவுக்கு ஏற்றதாக இருந்து, கதவு சாத்தியிருந்தால்தான் பயன் தரும். பணம் குறைவென்றால் மகன் தூங்கும் அறைக்கு மட்டும் ஒன்று போதும். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

ஆவடிக்குப் போவதா

போனால் எது குறையும், எது குறையாது என்று பிரித்துப் பாருங்கள். நிலக்கரித் தூளும் சாம்பலும் பெருந்துகள்கள். தொலைவு கூடினால் வேகமாகக் குறைந்துவிடும். மாடித் தூசித் தொல்லை தீரும். டீசல் புகைக்கரி பெருஞ்சாலையின் ஓரத்தில்தான் மிக அதிகம். சில நூறு மீட்டருக்குள்ளேயே அது சரிந்துவிடும். சல்பேட்டோ சென்னை முழுவதும் பரவியிருக்கும். ஆவடியில் அது பெரிதாகக் குறையாது. ஆக, ஆவடியில் லாரிகள் ஓடும் சாலையை ஒட்டி வீடு பார்த்தால், இவ்வளவு செலவும் மாமனாரின் மனவருத்தமும் பட்டு நீங்கள் பெறுவது குறைவாகவே இருக்கும். இப்போதைய வீடு கன்டெய்னர் லாரிச் சாலையை ஒட்டி இருந்தால், உங்கள் பகுதியிலேயே சாலையிலிருந்து 300 மீட்டருக்கு அப்பால் ஒரு வாடகை வீட்டில் ஓராண்டு இருந்து பாருங்கள். மகனின் பள்ளியும் சாலையோரத்தில் இல்லாமல் இருப்பது வீட்டைப் போலவே முக்கியம். அப்படியும் குளிர்காலத்தில் மூச்சிரைப்பு அடங்காமல், இடம் மாறுவது நல்லது என்று மருத்துவரும் சொன்னால், போவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். ‘இந்தக் காற்றில்தான் நாங்கள் வளர்ந்தோம்’ என்று மாமனார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் வளர்ந்த காலத்தின் எண்ணூர்க் காற்றும் இன்றைய காற்றும் ஒன்றல்ல என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். வயதானவர்களின் இதயத்துக்கும் நுண்துகள் கேடு செய்யும். இது அவருடைய உடல்நலத்தைப் பற்றிய பேச்சும்தான்.

நிரூபிக்க வேண்டியது என்ன

ஒரு வீட்டுக்காரர் தனியாகத் தன் தூசியின் உரிமையாளரைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, தன் செயல் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று காட்டும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர்மேல் வைத்தது. மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையையும் அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010 இவ்விரண்டையும் ஏற்றுள்ளது. அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இழப்பீடு கோரும் மனுவுக்கு ஐந்து ஆண்டு கால வரம்பு உண்டு. மற்ற பல மனுக்களுக்கு ஆறு மாதமே. இந்த வேறுபாட்டை வழக்கறிஞரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். தனி நபராகப் போவதைவிடக் குடியிருப்போர் நலச் சங்கமாகப் போவது பாதுகாப்பானது. உங்கள் கணவர் அப்பகுதி ஆலை ஒன்றில் ஒப்பந்தப் பணியில் இருப்பதாக எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேட்க வேண்டியதைச் சரியாகக் கேளுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009ஆம் ஆண்டு மதிப்பீட்டிலேயே உங்களுக்கு மேற்கே உள்ள தொழிற்பகுதியான மணலியைக் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் வைத்தது. சென்னை உள்ளிட்ட ஆறு நகரங்களில் துகள்களின் மூலங்களைப் பிரித்தறியும் ஆய்வையும் அதே வாரியம் நடத்தியிருக்கிறது. சென்னைப் பகுதியைச் செய்தது ஐஐடி. ஆனால் அது 2020க்கு முந்தைய எரிபொருள் காலத்து ஆய்வு. லாரிகளின் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்காகக் குறைந்தது 2020 ஏப்ரலில்தான். ஆகவே மணலி–எண்ணூர் பகுதிக்கெனப் புதிய ஆய்வு வேண்டும் என்று கோருங்கள். அதில் பிஎம் 2.5 வடிதாள்களில் தனிமங்கள், புகைக்கரி, கரிமச் சேர்மங்கள், சல்பேட் முதலிய அயனிகள் எல்லாமும் பகுக்கப்பட வேண்டும். வாடைக்காற்றுக் காலத்திலும் தென்மேற்குப் பருவக் காலத்திலும் மாதிரி எடுக்கப்பட வேண்டும். உள்ளூர்ச் சாம்பல், நிலக்கரி, சாலைப் புழுதி ஆகியவற்றின் கூட்டமைப்பும் தனியே அளக்கப்பட வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லையென்றால் சாம்பலையும் மண்ணையும் கணினி மாதிரிகளால் ஒழுங்காகப் பிரிக்க முடியாது.

இதற்கிடையில் நீங்கள் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். தேதி, நேரம், காற்று வரும் திசை, கருவியின் எண், மாடித் தூசியின் நிறம், நாற்றம், மகனின் நிலை ஆகியவற்றை மட்டும் எழுதினால் போதும். ஐப்பசி முதல் தை வரை வாடை வீசும்போது வடக்கிலுள்ள மின்நிலையங்களும் துறைமுகங்களும் காற்று வரும் பக்கத்தில் இருக்கும். இரவில் நிலக்காற்று மேற்கிலிருந்து வரும்போது மணலி காற்று வரும் பக்கத்தில் இருக்கும். நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழுந்தால் எண் இறங்குகிறதா என்று பாருங்கள். பல மாதங்கள் தொடர்ந்து எழுதிய குறிப்பேடு, சுரண்டிய தூசியின் ஓர் அறிக்கையைவிட ஓர் ஆய்வாளருக்கும் தீர்ப்பாயத்துக்கும் அதிகம் பயன்படும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அருகிலுள்ள ஆலைகளின் இயக்க இசைவாணை நிபந்தனைகளையும், புகைபோக்கித் தொடர் கண்காணிப்புப் பதிவுகளையும், நிலக்கரிக் குவியல்களைத் தார்ப்பாய் போட்டு மூடுவது, நீர் தெளிப்பது தொடர்பான ஆய்வு அறிக்கைகளையும் தேதிவாரியாகக் கேளுங்கள்.

குறிப்பேட்டின் மகனைப் பற்றிய பக்கங்களை அவனுடைய மருத்துவரிடம் ஒவ்வொரு முறையும் காட்டுங்கள். மூச்சிரைப்பு இல்லாத மாதங்களில் இன்ஹேலரை நிறுத்திவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அடங்கியிருக்கும் காலத்திலும் தொடர வேண்டிய மருந்து எது, தேவைப்படும்போது மட்டும் எடுக்க வேண்டியது எது என்று அவரிடம் தெளிவாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவரைக் கேட்காமல் வாடைக்காலம் தொடங்கும் முன் எதையும் நிறுத்தாதீர்கள்.